மூன்று மெஷினுக்கும் ஒரே கை

இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து, மூன்று மெஷினையும் போட்டுவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேசை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் எஸ்தர், முதல் மெஷினின் மவுஸைத் தூக்கி வலப்பக்கம் வைக்கிறாள். வயர் நீளம் போதவில்லை. கன்றுக்குட்டி இழுத்துக்கொண்டு நிற்கிற கயிறு மாதிரி கீபோர்டுக்குக் குறுக்கே விறைத்து நின்றது. அந்த வயரை மேசையின் இடப்பக்கத்து ஓட்டை வழியாக விட்டு, பின்னால் அளவாகச் சுற்றிக் கட்டிவைத்தது நீ. அளவு என்றால் உன் கைக்கு அளவு.

எஸ்தரை உனக்குத் தெரியாது. பாளையங்கோட்டைக்காரி, நாற்பது தாண்டியவள். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் ரொம்ப காலம் டைப் அடித்துவிட்டு, இந்த மாதம்தான் நம் கடைக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். என்னைவிட வேகமாகத் தமிழ் அடிப்பாள். இது அவளுக்குப் பெரிய பாராட்டு கிடையாது. டவுணில் டைப் தெரிந்த யாரும் என்னைவிட வேகமாகத்தான் அடிப்பார்கள். நீ இருந்தவரைக்கும் கடையில் அடித்தவள் நீ. நான் பேப்பர் வெட்டினேன், பிரிண்டருக்கு மை ஊற்றினேன், வருகிறவர்களிடம் வாயடித்தேன். ‘ஜாப் டைப்பிங், டி.டி.பி.’ என்று போர்டில் இருக்கிறதே, அதில் என் பங்கு போர்டு மட்டும்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும்” என்றாள்.

“கேளு.”

“நேத்து போகும்போது இந்த மவுஸு பொத்தான நான் சோத்தாங்கைக்கு மாத்தி வச்சுட்டுத்தான் போனேன். முந்தாநாளும் மாத்துனேன். காலையில வந்து பாத்தா பொத்தான் திரும்ப நொட்டாங்கைக்கு வந்து நிக்கி. எடது பொத்தான அமுக்குனா வலது வேலையச் செய்யுது. யாரு மாத்துதது?”

“நான் மாத்தல.”

“பெறகு?”

யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். கை நீண்ட இடத்தில், பிரிண்டருக்கு மேலே சந்தன மாலையோடு உன் படம்.

எஸ்தர் “ஏசப்பா” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேயுமில்லை பிசாசுமில்லை, எல்லாம் ஒரு ஃபோல்டர் செய்கிற வேலை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடைவாசலில் மனு அடிக்க வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது அண்ணாச்சி. ஆனா நாள் பூரா நான் ஒண்ண அமுக்குனா அது ஒண்ணத் தொறக்கு. ஒண்ணு மவுஸ மாத்துங்க, இல்ல என்னய மாத்துங்க. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன்.”

சொன்னதைச் செய்கிற முகம். உனக்குப் பிறகு இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பையன், ‘அந்தக் கடையில என்னமோ இருக்கு’ என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனான். இவளும் போனால் தை மாதத்துப் பத்திரிகை வேலையை யார் அடிப்பது? எனக்குக் கண்ணில் புரை விழுந்தபிறகு ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் மணமக்களுக்குக் குழந்தை பிறந்துவிடும். ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஆக, ஒரு பக்கம் கடை. மறுபக்கம் தினமும் காலையில் கடைக்கு வருகிற உன் இடது கை. அதனால்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் கேட்பது?

அந்த ஃபோல்டர் எப்படி வந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

கடையில் இரண்டு மெஷின் இருந்த காலம். முதல் மெஷினில் நீ ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை முடித்துக்கொண்டிருந்தாய். பேட்டைப் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். நீ போஸ்டரை மூடிவிட்டு, அதே திரையில் அவருக்குப் பிள்ளையார் படத்தைத் திறந்தாய்.

“ஏ தாயி, என்ன காரியம் செய்யுத? எம் மக பத்திரிகைய சாவு போஸ்டர் கெடந்த பெட்டியிலயா அடிக்கப் போற?”

“அது அழிஞ்சு போச்சு அண்ணாச்சி.”

“நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அழிஞ்சு போச்சுங்கியே!”

நான் பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன். நீ எழுந்து வந்து, என் மெஷினில் உட்கார்ந்தாய். அங்கே உனக்கு எதுவுமே இருக்கிற இடத்தில் இல்லை. எழுத்து பொடிசாக இருந்தது. தமிழ் கீபோர்டு வேறு வரிசையில் வந்தது. முதல் மெஷினில் இரண்டெழுத்து அடித்தால் ‘தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று முழு வரியும் வந்து நிற்கும்படி நீ வைத்திருந்த சுருக்கங்கள் ஒன்றுகூட இங்கே கிடையாது. ஒரு பத்திரிகைக்கு மத்தியானம் வரை ஆயிற்று. அண்ணாச்சி நல்ல நேரம் முடிவதற்குள் முதல் தாளைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒருத்தர் மட்டுமா? யார் வந்தாலும் அப்படித்தான். சாவு அடித்த பெட்டியில் கல்யாணம் கூடாது. கல்யாணம் திறந்திருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் சொத்து வழக்கு மனு கூடாது. நீ மெஷின் விட்டு மெஷின் தாவிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அதை ஆரம்பித்தாய். கீபோர்டு வரிசை, சுருக்கங்கள், எழுத்தின் அளவு, பிரிண்டருக்கு விடுகிற ஓரம் என்று உன் பழக்கம் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் போட்டாய். மெஷினைப் போட்டதும் அந்த ஃபோல்டரைத் தேடிப் போய், உள்ளே இருக்கிறவற்றை எடுத்துவந்து அததன் இடத்தில் வைக்கிற ஒரு சின்னக் கோப்பும் எழுதினாய். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உன் நாற்காலிதான். மூன்றாவது மெஷின் வாங்கிய அன்றைக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் உன்னைப் போல ஆகிவிட்டதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என்னை வழிக்குக் கொண்டுவர உனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

அதற்கு ஒரு சட்டமும் போட்டாய். “மெஷின்ல நேரா கை வைக்காதீய. என்ன மாத்தணும்னாலும் ஃபோல்டர்ல மாத்துங்க. அங்கருந்துதான் எல்லாத்துக்கும் போகணும்.”

நான் கேட்பேனா? குற்றாலத்து அருவிப் படம் ஒன்றை என் திரையில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் திரை வெறும் சாம்பல் நிறம். மறுபடி போட்டேன். மறுபடி சாம்பல். ஐந்தருவியும் ஒரே ராத்திரியில் வற்றுகிற அதிசயம் என் மேசையில்தான் நடந்தது. “படம் போட்டா எழுத்து தெரியாது” என்று நீ திரும்பிப் பார்க்காமலே சொல்வாய்.

இடது கை விஷயமும் அந்தப் பேட்டை அண்ணாச்சி கண்ணில்தான் முதலில் பட்டது. பத்திரிகை திருத்த மறுபடி வந்தவர், “ஏம்மா, நல்ல காரியத்த நொட்டாங்கையால பாக்கியே” என்றார்.

“அடிக்கது ரெண்டு கையாலயும்தான் அண்ணாச்சி. எலி மட்டுந்தான் அங்கன கெடக்கு” என்றாய். தாளைக் கொடுக்கும்போது நீ வலது கையால்தான் கொடுத்தாய். அதையும் பார்த்தேன்.

சேரன்மாதேவியில் சின்ன வயசில் உன் இடது கையை முதுகோடு துண்டால் கட்டிவைத்துச் சோறு ஊட்டினார்களாம். பேனா பிடித்தால் அடி, விளக்கு ஏற்றினால் அடி. வலது கைக்கு எல்லாம் பழகிக்கொண்டாய். உனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது உங்கள் அப்பா அதை மறைக்கவில்லை. “பொண்ணுக்கு முன்ன நொட்டாங்கைப் பழக்கம் இருந்துச்சு, இப்ப இல்ல” என்று, குடிப்பழக்கத்தைச் சொல்கிற மாதிரி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். அப்புறம் கம்ப்யூட்டர் படிக்கப் போனாய். மவுஸ் என்ற ஒன்றை எந்தக் கையால் தொட வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “அதான் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் பாட்டுக்குப் புடிச்சுக்கிட்டேன்” என்று என்னிடம் சொன்னபோது, திருட்டு மாங்காய் தின்ற முகம் உனக்கு.

ஃபோல்டருக்குள் மவுஸும் போனது. மூன்று மெஷினிலும் மவுஸ் இடப்பக்கம் வந்துவிட்டது. பொத்தானும் இடம் மாறிவிட்டது.

“ஏட்டி, நான் சோத்தாங்கைக்காரன்லா” என்றேன்.

“சாப்பிடத்தான் சோத்தாங்கை. மவுஸ என்ன திங்கவா போறீய?”

“என் ஒரு மெஷின மட்டும் விட்டுரு.”

“ஒரு மெஷின விட்டா பெறகு எதுக்கு ஃபோல்டரு? எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் நான் எங்கனயும் உக்கார முடியும். பைய பழகிருவீய.”

பைய பழகினேன். எவ்வளவு பழகினேன் என்பது சென்னையில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. ரயில் டிக்கெட் பார்க்க அவள் மவுஸை இழுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் அமுக்கிய இடத்தில் எல்லாம் ஒரு பட்டியல் விழுந்தது. மூடினேன். அமுக்கினேன். மறுபடி விழுந்தது. மாப்பிள்ளை பின்னால் நின்று ரொம்ப மரியாதையாக, “மாமா, அந்தப் பொத்தான் இல்ல மாமா, இந்தப் பக்கத்துப் பொத்தான்” என்றார். டவுணில் மாமா கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார் என்று அவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த இரக்கத்தை எனக்குப் பெண் கொடுத்தபோது உங்கள் அப்பா முகத்தில்தான் அதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். நீ சமையல்கட்டில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். மகள்தான் சொன்னாள்: “அம்மா, நீ அப்பாவையும் ஃபோல்டருக்குள்ள போட்டுட்டியா?”

அந்த மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்ததே, அப்போது நம் சந்துக்குள்ளும் முழங்கால் தண்ணீர். தரையில் இருந்த பெட்டிகள் மூன்றும் போயின. தண்ணீர் வடிந்தபிறகு ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஆற்று மணலும் ஊறிப்போன பத்திரிகை அட்டைகளும்தான். நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, பர்ஸைத் திறந்து, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருந்த பென்டிரைவை எடுத்துக் காட்டினாய்.

“மெஷின் போனா போகட்டும். நம்ம பழக்கம் பூரா இதுல இருக்கு.”

பழைய மெஷின்கள் மூன்று வாங்கிப்போட்டு, அதைச் செருகி, கிளிக் செய்தாய். எல்லாம் வந்தது. சுருக்கங்கள் வந்தன, ஓரங்கள் வந்தன. “மவுஸ் மட்டுமாவது இந்த வெள்ளத்துல சோத்தாங்கைப் பக்கம் ஒதுங்கியிருக்கக் கூடாதா” என்றேன். சேற்றுக் கையால் என் முதுகில் ஒன்று வைத்தாய். எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த ஐப்பசியில், கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், “நெஞ்சு கரிக்கி, கொஞ்சம் படுத்துட்டு வாரேன்” என்று வீட்டுக்குப் போனாய். அவ்வளவுதான் நீ என்னிடம் பேசியது.

போஸ்டரை வேறு கடையில் அடித்துக்கொள்வோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. மூன்று மெஷினிலும் யார் யார் வீட்டுக் கல்யாணமோ பாதியில் திறந்து கிடந்தது. மூன்றாவதில் இருந்ததை மூடிவிட்டு உட்கார்ந்தேன். நீ வைத்த சுருக்கம்தான்; இரண்டெழுத்து அடித்ததும் ‘கண்ணீர் அஞ்சலி’ தானாக வந்து நடுவில் நின்றது. ‘ஆழ்ந்த துயரத்துடன்’ வந்தது. ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாம் வந்தன. உன் பெயருக்கு மட்டும் நீ சுருக்கம் வைத்திருக்கவில்லை. அதை ஒவ்வோர் எழுத்தாகத்தான் அடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மெஷினைப் போட்டால் நீதான் வருகிறாய். சாம்பல் திரை, பெரிய எழுத்து, இடது கை. மத்தியானம் ஆனால் மூன்று திரையிலும் ஒரே நேரத்தில் ஒரு சின்னப் பெட்டி விழுகிறது: ‘மாத்திரை போட்டாச்சா?’ என் சர்க்கரைக்கு நீ வைத்தது. வாடிக்கையாளர் மனுவைப் பாதியில் மறைத்துக்கொண்டு அது வந்து நிற்கும். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் போட்டுக்கொள்வேன். மகள் தினமும் பேசுகிறாள், அவளும் கேட்கிறாள்தான். ஆனால் நான் போட்டாச்சு என்றால் அவள் நம்பிவிடுகிறாள். நீ வைத்த பெட்டி ‘ஆச்சு’ என்று அமுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராது.

எஸ்தர் கேட்டது நியாயம். திங்கட்கிழமைக்குள் நான் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோல்டரில் அந்த ஒரு வரியை எடுத்தால் போதும், எனக்கு எடுக்கவும் தெரியும். உன் சட்டப்படி அங்கே எடுத்தால் எல்லா இடத்திலும் போய்விடும்.

இதற்கு மேல் இன்றைக்கு ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்குப் புதன். நடுவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்தேன். ஞாயிறு மத்தியானம் நம் சந்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அல்வாக் கடைக்கு வழி கேட்கிற வெளியூர்க்காரர்களைத் தவிர ஆள் நடமாட்டம் இருக்காது. நீ இருந்தபோது அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. மகளுக்குப் போன் போட்டு, எஸ்தர் சொன்னதைச் சொன்னேன்.

“அப்பா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிய? ஃபோல்டருக்குள்ள மூணா பிரிச்சுருங்க. பொதுவுக்கு ஒண்ணு, அந்த அக்காவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. பொதுவுல உள்ளது எல்லா மெஷினுக்கும் போகும். ஆளுக்கு ஆள் மாறுதது அவங்கவங்க மெஷினுக்கு மட்டும் போகும். அந்தக் கோப்ப நான் இங்கருந்தே திருத்தித் தாரேன்.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு ஒண்ணு போட்டா அது எந்த மெஷினுக்குப்பா போகும்?” என்றாள். அப்புறம் அழுதாள். நான் வழக்கம்போல, “அங்க மழை பெய்யுதா?” என்று கேட்டேன்.

அவள் அங்கிருந்தே கோப்பைத் திருத்திக் கொடுத்தாள். மூன்று ஃபோல்டரும் காலியாக என் முன்னால் கிடந்தன. நாலாவது கிடையாது. இத்தனை வருஷமாக நீ சேர்த்து வைத்த ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் போட வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். நீ போனபிறகு உன் சேலைகளை மகளும் உன் தங்கையும் பிரித்தபோது நான் மாடிக்குப் போய்விட்டேன். இதற்கு மாடி கிடையாது.

சுருக்கங்கள் பொதுவுக்குப் போயின, அதில் கேள்வியே இல்லை. ஓரங்களும் கீபோர்டும் பொது. பெரிய எழுத்தை எஸ்தர் கேட்கமாட்டாள் என்று தோன்றியது. பிறகு யோசித்தேன், நீ அதைப் பெரிதாக வைத்தது பின்னால் நிற்கிற பெண் வீட்டுக்காரருக்கும் தெரியட்டும் என்றுதான். பொது. மாத்திரைப் பெட்டியை எனக்கு எடுத்து வைக்க நினைத்து, வேறு ஏதோ பார்க்கப்போய், அது பொதுவிலேயே நின்றுவிட்டது. எஸ்தரின் ஃபோல்டரில் சோத்தாங்கை மவுஸைப் போட்டேன். அவளுக்கென்று முதலில் போட்டது அதுதான்.

கடைசியாக என் ஃபோல்டர். எனக்கென்று என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து தேடினேன். வேடிக்கைதான். இத்தனை வருஷம் மெஷின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு அதில் சொந்தமாக ஒரு பழக்கம்கூட இல்லை. வேண்டுமென்றே குற்றாலத்தைப் போட்டேன். இப்போது எடுப்பார் யாருமில்லை. அருவி திரை முழுக்கக் கொட்டியது. அதற்கு மேல் இருந்த எழுத்து எதுவும் தெரியவில்லை. நானே எடுத்துவிட்டேன். சாம்பல்தான் நன்றாக இருக்கிறது. அதையும் பொதுவில் போட்டேன்.

மிச்சம் ஒரே ஒரு வரி. இடது கை மவுஸ். பொதுவில் போட்டால் எஸ்தர் நிற்கமாட்டாள். எஸ்தருக்கு அது வேண்டாம். அழிப்பதுதான் பாக்கி. அழிப்பதற்கு முன்னால், சரி, இனிமேல் எல்லோரையும் போல இருந்துவிடுவோம் என்று என் மவுஸை வலப்பக்கம் எடுத்து வைத்து, பொத்தானை மாற்றி, வலது கையால் பிடித்துப் பார்த்தேன். கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பில் கால் நுழைத்த மாதிரி இருந்தது. அம்பு ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. நான் திறக்க நினைத்ததைத் திறக்க முடியவில்லை. மூட நினைத்ததை மூட முடியவில்லை. இடது கை மேசைமேல் சும்மா கிடந்து, தானாக விரலை அசைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை உன் வரி, உன் வரி என்றே வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எடுத்து என் ஃபோல்டரில் போட்டேன். என் ஃபோல்டரில் இருப்பது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை எஸ்தர் வந்து மெஷினைப் போட்டாள். மவுஸ் வலப்பக்கம் இருந்தது. வயரை நான் அவிழ்த்து நீளமாக விட்டிருந்தேன். அமுக்கிப் பார்த்தாள். மறுநாளும் வந்து, அமுக்கிப் பார்த்துவிட்டு, உன் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா விட்டுக்குடுத்துட்டாவ” என்றாள்.

மத்தியானம் அவள் திரையில் பெட்டி விழுந்தது. நான் எழுந்து ஓடினேன். “அது பொதுவுல கெடந்துட்டு, இன்னைக்கே எடுத்துருதேன்.”

“கெடக்கட்டும் அண்ணாச்சி. எனக்கும் சுகர் இருக்கு” என்று பையைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். போட்டுக்கொண்டு, ‘ஆச்சு’வை அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க?” என்றாள்.

அவள் தைக்கு இருப்பாள் என்று நினைக்கிறேன். முதல் மெஷின் இப்போது அவளுடையது. நீ உட்கார்ந்த இடம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் இரண்டாவதில் இருக்கிறேன். மூன்றாவது சும்மா நிற்கிறது; யாராவது சாவு வீட்டுக்காரர் வந்தால் அதில் அடிக்கிறோம்.

இன்றைக்கு எஸ்தர் சாப்பிடப் போயிருந்தபோது கங்கைகொண்டானிலிருந்து ஒரு பையன் வந்தான். அங்கே ஏதோ கம்பெனியில் வேலை. புது வீட்டுக்குப் பால்காய்ப்புப் பத்திரிகை வேண்டுமாம். நானே உட்கார்ந்து அடித்தேன். அவசரம் இல்லாதவன், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் அடிப்பதையே பார்த்தான். சமயத்தில் திரையைப் பார்த்தான், சமயத்தில் என் கையைப் பார்த்தான்.

“அண்ணாச்சி நொட்டாங்கையா?” என்றான்.

“ஆமா.”

“பொறவியிலேயேவா?”

“இல்லப்பா. கல்யாணத்துக்குப் பெறகு வந்தது” என்றேன்.